பத்து கேப்சூல் மிச்சம்

திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நான் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அதிகமாக வந்த வாக்கியம் எது என்று கேட்டால், "கோர்ஸை முடிக்கணும், பாதியில நிறுத்தக் கூடாது" என்பதுதான். மீன் முள் குத்திக் கையை வீங்க வைத்துக்கொண்டு வருகிற போட்டுக்காரர்கள், கன்டெய்னர் லாரியை வரிசையில் போட்டுவிட்டுத் தொண்டைக் கட்டோடு வருகிற டிரைவர்கள், பல்வலிக்காரர்கள் என்று ஒருவரையும் விட்டதில்லை. "ரெண்டு நாளுக்கு மட்டும் குடும்மா, அப்பாலிக்கா பாத்துக்கலாம்" என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சீட்டில் ஐந்து நாள் என்று இருந்தால் ஐந்து நாளுக்குத்தான் என் கத்தரிக்கோல் வெட்டும். எங்கள் கடை முதலாளி தண்டையார்பேட்டைக்காரர், எல்லோருக்கும் பாய். "ஏம்மா, நீ வியாபாரம் பண்றியா, கிளாஸ் எடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரை முகத்துவாரக்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணியின் புருஷனுக்கு டி.பி. வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதமே இருமல் நின்று, முகத்தில் சதை பிடித்து, ஆள் தேறிவிட்டார். "நல்லாத்தானே கீறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனார். வருஷம் திரும்புவதற்குள் அது மறுபடியும் வந்தது. இந்த முறை மருந்துக்கு அடங்கவில்லை. அவர் போன பிறகு, பிள்ளை இல்லாத அண்ணி எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்கு வந்தார். அன்றிலிருந்து விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, விம்கோ நகர்த் தெருக்களில் கூடையோடு விற்றுக்கொண்டு வருகிறார்.

என் கணவர் விசைப்படகில் டிரைவர். போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஆகவே வருஷத்தில் முக்கால்வாசி நாள் மாடியில் நானும் கீழே அண்ணியும்தான். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது. தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை, துணி காயப் போடுகிற கயிற்றுக்குச் சண்டை. ஆனால் நல்ல மீன் வந்த அன்று எனக்கு எடுத்து வைக்காமல் அவர் கூடையைக் கவிழ்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், விற்றது போகக் கொஞ்சம் கெளுத்தி கொடுத்தார். கெளுத்தி என்றால் முதலில் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் மீதி வேலை. எங்கள் தெருவில் இது தெரியாதவர்கள் இல்லை. நான் மகளோடு போனில் பேசிக்கொண்டே கையை வைத்தேன். முள் உள்ளங்கையில் ஆழமாக ஏறியது. செவ்வாய்க்கிழமைக்குள் கை பூரி மாதிரி உப்பி, சிவப்பு மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, எலும்புக்கு இறங்கிவிடக் கூடாது என்று பதினான்கு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். காலையில் ஒரு கேப்சூல், ராத்திரி ஒன்று. புதன்கிழமை காலை ஆரம்பித்தேன். பத்துப் பத்தாக இரண்டு முழு அட்டை, எட்டுக்கு வெட்டிய ஒரு துண்டு. வெட்டின துண்டை நடுவில் முடித்து முழு அட்டையைக் கடைசிக்கு வைப்பது என் பழக்கம். நானே எனக்கு வெட்டிக் கொடுத்து, நானே எனக்குக் கிளாஸும் எடுத்துக்கொண்டேன்.

மருந்து நன்றாக வேலை செய்தது. நான்கே நாளில் வீக்கம் வடிந்து விரல் மடங்கியது. ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை சாயங்காலம், கடையிலிருந்து வந்து கால் கழுவும்போதுதான் அதைப் பார்த்தேன். இரண்டு கணுக்காலைச் சுற்றியும் கடுகு இறைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள். தடவினால் மேடு தட்டியது. அரிப்பு இல்லை, லேசாக எரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "கழிமுகத்தாண்ட போய் கால வெச்சியா? அந்தத் தண்ணி எண்ணெயும் சாம்பலும் கலந்து கலீஜா கீதே" என்றார். நான் போகவில்லை. நாள் முழுக்க நிற்கிறோமே, சூடாக இருக்கும் என்று நினைத்து அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கூடவே ராத்திரிக் கேப்சூலையும் போட்டேன்.

கேப்சூல் மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் நாளே காட்டிவிடும் என்பது என் கவுண்டர் ஞானம். ஒரு வாரத்துக்கு மேல் சமர்த்தாக உள்ளே போன மருந்து ஒன்பதாம் நாள் காலை வாரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. பத்தொன்பது வருஷம் மருந்து விற்றவளுக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற திமிர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் அடித்தது, கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன, புள்ளிகள் முழங்கால் வரை ஏறியிருந்தன. நான் கீழே வந்து மோட்டார் போடும் சத்தம் கேட்கவில்லையே என்று அண்ணி மாடிக்கு வந்தார். என் காலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆத்தா வந்துகீறாமே" என்றார்.

"அண்ணி, அம்மைன்னா மேலெல்லாம் வரும், நீர் கோத்துக்கும். இது கால்ல மட்டும்தானே கீது?"

"அவ எங்க வோணும்னா வருவா. உன்கிட்ட கேட்டுகினு வருவாளா?"

அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. பாயை விரித்து அதன் மேல் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வைத்தார். எங்கள் பக்கத்தில் அம்மை வந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டுக்குள் மீன் வாசனை வரவே கூடாது. அன்று காலை அண்ணி கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நான்கு நாள் தெருவுக்குப் போகாவிட்டால் வாடிக்கை வேறு கூடைக்குப் போய்விடும். அது தெரிந்தேதான் கவிழ்த்தார்.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஆத்தா வீட்டில் இருக்கும்போது மருந்து தொடக் கூடாது. நான் காலைக் கேப்சூலுக்காகச் சுவரைப் பிடித்து எழுந்து பிரிட்ஜ் மேல் துழாவியபோது அட்டையைக் காணவில்லை.

"அண்ணி, என் மாத்திரை?"

"எத்து வெச்சிகீறேன்."

"குடு. இன்னும் பத்து பாக்கி கீது."

"ஆத்தா எறங்கட்டும், அப்பால துன்னலாம்."

கத்தினேன், கெஞ்சினேன். மாடிப்படி இறங்க என் காலுக்குத் தெம்பு இல்லை. அண்ணி கூழ் கரைக்கக் கீழே போன சமயம் பார்த்து பாய்க்குப் போன் செய்து ஒரு அட்டை கேட்டேன். அவரே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கீழே நடந்த பேச்சு எனக்கு மாடியில் நன்றாகக் கேட்டது. "அம்மை போட்ட வூடு பாய், உள்ள வராத. உன் வூட்லயும் கொயந்திங்க கீது." பாய் ஏதோ முனகினார். அப்புறம் ஸ்கூட்டர் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. டி.பி. மாத்திரையைப் பாதியில் விட்டுச் செத்தவரின் பெண்டாட்டிக்கு இன்னும் புத்தி வரவில்லையே என்று பொருமிக்கொண்டு கிடந்தேன்.

தினமும் காலையில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து, முள் குத்திய கையை விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உள்ளங்கையில் முத்து போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். "வலிக்குதா? மடக்கு பாக்கலாம்" என்பார். நான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் மடக்கிக் காட்டுவேன். கை நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. புதிதாகப் புள்ளி எதுவும் வரவில்லை. இருந்தவை சிவப்பு மங்கிப் பழுப்பாயின. செவ்வாய்க்கிழமை அண்ணி ஒரு தவலையில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்து, அந்த வெதுவெதுப்பான தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார். உடம்புக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. "பாத்தியா, எறங்கிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தானாகப் போனதற்கு இவர் பெயர் வாங்கிக்கொள்கிறாரே என்று.

அன்று சாயங்காலம் கால் வலி குறைந்ததால் மெதுவாகப் படி இறங்கினேன். அண்ணி வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் போர்ஷனில் சாமி படத்துக்குக் கீழே, குங்கும டப்பாவுக்குப் பக்கத்தில், பாலிதீன் கவரில் சுற்றி என் அட்டை இருந்தது. பத்தும் அப்படியே இருந்தன. எடுத்து ஒன்றை உடைத்தபோது அண்ணி உள்ளே வந்துவிட்டார்.

"வோணாம்மே. இப்பதான் எறங்கிச்சி. ரெண்டு நாள் வுடு" என்று என் கையைப் பிடித்தார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "உன் பேச்சைக் கேட்டு மாத்திரைய நிறுத்துனாரே ஒருத்தரு, அவரு எங்க இப்போ?" என்று கேட்டேன்.

இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது. அண்ணி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். நான் அவர் வீட்டுத் தண்ணீரையே சொம்பில் மொண்டு, அந்தக் கேப்சூலை விழுங்கிவிட்டு மாடிக்கு ஏறினேன். புதன்கிழமை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மிச்சம் ஏழு. அந்த ஒரு நாள் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணி மறுபடியும் கூடை தூக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பாத்ரூமில் நான் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனது. நைட்டியைத் தூக்கினால் புள்ளிகள் தொடை வரை, இந்த முறை அடர்ந்து, சில இடங்களில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கருஞ்சிவப்புத் திட்டுகளாக. முழங்கால் இரண்டும் மடக்க முடியாமல் வீங்கியிருந்தன. வயிற்றை முறுக்கிப் பிழிந்தது. அந்த நிறத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கிட்னி. எங்கள் கடைக்கு டயாலிசிஸ் மருந்து வாங்க வருகிற வீட்டுக்காரர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். வாராவாரம் வருவார்கள், முகம் கறுத்துக்கொண்டே போகும், ஒரு வாரம் வர மாட்டார்கள். அப்புறம் வரவே மாட்டார்கள். பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி" என்று கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது? கடலில் இருக்கிற கணவருக்குப் போன் போகாது.

அவர் அப்போதுதான் காசிமேட்டு மீன் ஏலத்திலிருந்து வந்து கூடையை இறக்கியிருந்தார். ஈரக் கையோடு ஓடி வந்தார். என் காலை வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆத்தா இல்லமே" என்றார்.

நான் அழுதுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவ வந்தா ஒரு தபாதான் வருவா. தண்ணி ஊத்தி அனுப்பி வெச்ச ரெண்டாம் நாளே திரும்பி வர்றதுக்கு அவ இன்னா விருந்தாளியா? நான் எத்து வெச்சேன், நின்னுச்சி. நீ துன்ன, வந்துட்ச்சி. இது உன் மாத்திரதாம்மே."

பத்தொன்பது வருஷம் கவுண்டரில் நின்ற எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. ஆத்தாவின் நடத்தை தெரிந்த அண்ணிக்கு விளங்கிவிட்டது. மிச்சமிருந்த ஏழு கேப்சூலையும் அட்டையோடு முந்தானையில் முடிந்துகொண்டு, மீன் கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு, என்னைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் வழக்கம்போலக் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அண்ணி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி ஒவ்வொரு லாரி டிரைவரையும் அவன் பரம்பரையோடு விசாரித்துக்கொண்டே வந்தார். அவர்கள் ஒதுங்கத்தான் செய்தார்கள். பெரியாஸ்பத்திரி வரிசையிலும் அந்தக் குரல்தான் எனக்கு ஒரு வீல்சேர் பிடித்துக் கொடுத்தது.

சின்ன வயது டாக்டரம்மா. கண்ணைப் பார்த்தால் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் என்று தெரிந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. ஒரு கண்ணாடித் துண்டை என் காலில் வைத்து அமுக்கி என்னையும் பார்க்கச் சொன்னார். "சாதாரணத் தடிப்புன்னா அமுக்கினா சிவப்பு மறையும். இது மறையல பாருங்க. தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு." என்ன மருந்து சாப்பிட்டேன், எப்போது ஆரம்பித்தேன், எப்போது புள்ளி வந்தது என்று கேட்டார். நான் பயத்தில் தேதிகளைக் குழப்பினேன். அண்ணி முன்னால் வந்தார்.

"நான் சொல்றேம்மா. கெளுத்தி முள்ளு குத்தனது ஞாயித்துக்கெழம. மாத்திர ஆரம்பிச்சது புதங்கெழம, அன்னிக்கு எனக்கு வெறும் நெத்திலிதான் கெடச்சிது. அதுக்கடுத்த வாரம் வியாயக்கெழம புள்ளி வந்துச்சி, அன்னிக்கு சங்கரா. வெள்ளிக்கெழம நான் கூடையும் தூக்கல, மாத்திரையும் குடுக்கல. ஞாயித்துக்கெழம ஜுரம் வுட்டுச்சி. செவ்வாக்கெழம பொயுது சாஞ்சி இவ திரும்பத் துன்னா. நேத்து நான் கானாங்கெளுத்தி எடுத்தேன், நேத்தும் ரெண்டு துன்னா. இன்னிக்கி இப்டி கீறா." சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை மேஜை மேல் வைத்தார்.

டாக்டரம்மா ஒரு நாள் விடாமல் எழுதிக்கொண்டார். "நடுவுல மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

"மாரியாத்தா" என்றார் அண்ணி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் சொன்னார், "இது ரத்தக்குழாய் அழற்சி. சின்னச் சின்ன ரத்தக்குழாயோட சுவர் வீங்கி, ரத்தம் வெளிய கசியுது. தோல்ல கசிஞ்சா புள்ளி, கிட்னியில கசிஞ்சா சிறுநீர்ல ரத்தம். தொத்து, வேற நோய்னு பல காரணம் இருக்கலாம், எல்லாத்துக்கும் டெஸ்ட் எடுப்போம். ஆனா நிறுத்தினப்ப நின்னு, போட்டதும் திரும்ப வந்திருக்குன்னா முதல் சந்தேகம் இந்த ஆன்டிபயாடிக் மேலதான். நல்ல மருந்துதான், எத்தனையோ பேருக்கு ஒண்ணும் செய்யாது. இவங்க உடம்புக்கு ஆகல. ஆரம்பிச்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சும் இப்படி வரலாம்." பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "நீங்க நிறுத்தினது நல்லதாப் போச்சு. ஆனா அடுத்த தடவை வீட்டுலயே வெச்சிருக்காம முதல் நாளே கூட்டிட்டு வந்துடணும், சரியா?" என்றார். அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

பெட் போட்டார்கள். காலிலிருந்து மிளகு அளவு தோலை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம், சிறுநீர் என்று தினமும் எடுத்தார்கள். கிட்னி ரிப்போர்ட் முதல் நாளே கொஞ்சம் ஏறியிருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஏறியது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. மகளின் படிப்பு முடியவில்லை, கணவர் கடலில் இருக்கிறார், நான் வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் படுக்கப் போகிறேனா? ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஒரு நர்சம்மா ஒவ்வொரு முறையும் ஊசி போடுவதற்கு முன் என் நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் போடுவார். அந்தக் கைக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்? நான்காம் நாள் ரிப்போர்ட் இறங்கத் தொடங்கியது. டாக்டரம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் கிட்டத்தட்ட ஓடி வந்தார். "இறங்குதும்மா" என்றார். அவருக்கு என்னைப் போல வார்டு முழுக்க ஆட்கள். ஆனாலும் ஓடி வந்தார். அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அன்று மத்தியானம் அண்ணி எனக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். "அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு" என்றேன்.

அவர் பிசைவதை நிறுத்தவில்லை. "நீ சொன்னது இன்னா பொய்யா? அவரு நிறுத்தறேன்னப்ப நானுந்தானே சரின்னேன். நல்லாத்தான கீறாருன்னு நெனச்சேன்."

சாதத்தை உருண்டை பிடித்துக்கொண்டே சொன்னார், "உன் மாத்திரைய எத்து வெச்ச நாளெல்லாம் எனக்கு சோறு எறங்கலமே. இப்டி நிறுத்திதான் ஒரு ஆளு பூட்டாரு. திரும்ப நானே நிறுத்தறேனே, ஆத்தா, இன்னா ஆவுமோன்னு பயந்துகினேதான் இருந்தேன். அதான் தூக்கிப் போடல. சாமியாண்ட வெச்சேன். தெனம் காத்தால உன் கையப் பாப்பேன். திரும்ப வீங்கிச்சின்னா ஆத்தா கோச்சிகினாலும் பரவால்ல, எடுத்துக் குடுத்துரலாம்னு."

அவர் என் உள்ளங்கையில் தேடியது முத்து இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பேசினால் அழுதுவிடுவேன் என்று ரசம் சாதத்தை வாங்கிக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் கழித்துப் படகு கரைக்கு வந்து, என் கணவர் துறைமுகத்திலிருந்து நேராக டீசல் வாசனையோடு ஓடி வந்தார். "குளிச்சிட்டு வா, கலீஜா கீற" என்று அண்ணி அவரை வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினார். எனக்கு வியாதி வந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அந்த ஆன்டிபயாடிக்கின் பெயரைச் சிவப்பு மையில் ஒரு அட்டையில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்ட வேண்டும் என்றார். அந்த அட்டை இப்போது என் பர்ஸில் மகள் போட்டோவுக்கு முன்னால் இருக்கிறது. இன்னொன்றை அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "இந்த ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் திடீர்னு நிறுத்தவே கூடாது. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். உடம்பு நல்லா ஆயிடுச்சுன்னு பாதியில விட்டா ஆபத்து. நீங்கதான் பாத்துக்கணும்."

அண்ணி பார்த்துக்கொண்டார். இரண்டரை மாதம் காலையில் இட்லியோடு மாத்திரையையும் அவரே மாடிக்குக் கொண்டுவந்தார். நான் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஏதாவது ஒரு நாள் அவர் ஏலத்தில் மாட்டிக்கொண்டால் அங்கிருந்தே போன் வரும். பின்னால் ஏலக்காரரின் கத்தல், அதற்கு மேல் இவர் கத்தல்: "போட்டியாமே?" எனக்கு முகம் உப்பியது, கண்டபடி பசித்தது, சும்மா சும்மா கோபம் வந்தது. கோபம் முன்பே இருந்ததுதான் என்று என் கணவர் சொல்கிறார். ஒரு நாள், "புள்ளிதான் போயிடுச்சே, நல்லாத்தானே கீறேன்" என்று சொல்லிவிட்டேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் கடைக்குத் திரும்பினேன். அதிகம் நிற்கக் கூடாது என்பதால் பாய் கவுண்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். "உன் அண்ணி கையில வேப்பிலையப் பாத்ததும் வண்டியத் திருப்பினவன் நான். அன்னிக்கு உள்ள வந்து அந்த அட்டையக் குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று இன்றும் சொல்லித் தலையை ஆட்டுகிறார். நான் இன்றும் கோர்ஸை முடிக்கச் சொல்லித்தான் கொடுக்கிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் இப்போது கூடவே ஒன்று சொல்கிறேன். "உடம்புல புள்ளியோ தடிப்போ வந்தா, அது பத்தாவது நாளா இருந்தாலும் சரி, அடுத்த மாத்திரை போடறதுக்கு முன்ன டாக்டர்கிட்ட ஓடு." சொல்லும் நேரம் கூடிவிட்டது. பாய் இப்போதெல்லாம் கிளாஸ் என்று கிண்டல் செய்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி மாத்திரை. பாதிதான் போட வேண்டும். அதற்கு முந்தின நாள் ரிப்போர்ட்டில் கிட்னி சுத்தம் என்று வந்திருந்தது. அண்ணி மாத்திரையைத் தட்டில் வைத்து, மீன் நறுக்காத நல்ல கத்தியால் சரிபாதியாக வெட்டி, ஒன்றை என் கையில் கொடுத்தார். மற்ற பாதி மிச்சமிருக்கிறதே, கோர்ஸ் முடியவில்லையோ என்று நான் யோசிப்பதற்குள், "அது பாக்கி இல்லமே, ஒடச்சதுல மிச்சம். டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்" என்றார். விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன்.

அவர் காலி அட்டையைக் கையில் எடுத்து, ஒவ்வொரு குழியையும் விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"முடிஞ்சிட்ச்சா?"

"முடிஞ்சிது அண்ணி."

"டாக்டரம்மா சொன்னது அத்தனையும்?"

"அத்தனையும்."

அந்தக் காலி அட்டையைக் கீழே எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அவர் புருஷன் போட்டோவுக்குக் கீழே அதை வைத்தார். "நம்ம வூட்ல ஒருத்தி முழுசா முடிச்சிட்டாய்யா" என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் இரண்டு காலும் வலிக்காமல் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தன.